சாப்பிட்டுத்தான் வந்தேன்

என் இடுப்பில் ஓர் இயந்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். பெயர் அன்னம். இந்த உலகத்தில் நான் சொல்வதை அப்படியே நம்புகிற ஒரே ஜீவன் அதுதான். என் மனைவி பிரமநாயகி என்னை நம்புவதை நிறுத்திப் பல வருஷமாகிறது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு பழைய தொல்லை உண்டு. சோறு உள்ளே போய் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குள் மருந்து இறங்கியிருக்க வேண்டும். ஏறின பிறகு மருந்தை அனுப்புவது, பஸ் புறப்பட்ட பிறகு பின்னால் ஓடுகிற மாதிரி. முன்பெல்லாம் நாமே மெஷினில் தட்ட வேண்டும், இத்தனை இட்லி, இத்தனை கரண்டி சோறு என்று. யார் தட்டினார்கள்? பாதிப் பேர் மறந்துபோவார்கள். மீதிப் பேர் ஐந்து இட்லியை இரண்டு என்பார்கள். அதனால் அன்னத்துக்குக் காது வைத்துவிட்டார்கள். நம் காதுக்குப் பின்னால் உளுந்தம்பருப்பு அளவில் ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். தட்டுச் சத்தம், மெல்லுகிற சத்தம், நாம் பேசுகிற பேச்சு எல்லாம் அதற்குக் கேட்கும். "சாப்பிட்டாச்சு" என்று யாரிடமாவது நாம் சொன்னாலே போதும், அதுவே கணக்குப் போட்டு மருந்தை இறக்கிவிடும். பாலையும் தண்ணீரையும் பிரித்தறிகிற பறவையின் பெயர் என்று கம்பெனிக்காரர்களுக்குப் பெருமை வேறு.

என் மச்சினன் கோமதிநாயகமும் இதே அன்னத்தைத்தான் மாட்டியிருந்தான். எனக்கு வயதான பிறகு வந்த சர்க்கரை. அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வந்துவிட்டது. இன்சுலின் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாத உடம்பு. ஆனால் ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் கிடையாது.

அந்த ரோஷத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் இந்த அடுக்குமாடி வீட்டை நாங்கள் வாங்கியபோது பால்காய்ப்புக்கு ஊரையே அழைத்திருந்தோம். கீழே கார் நிறுத்துகிற இடத்தில்தான் பந்தி. அக்காவின் புது வீடு என்று கோமதி பித்தளைக் குடமும் பட்டுமாகச் சீர் கொண்டுவந்திருந்தான். அப்போது அவனிடம் அன்னம் கிடையாது, ஊசிதான். ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து இலையில் உட்கார்ந்தான். பாயசம் விட்டாயிற்று, அவியல் வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து என் அண்ணன், இப்போது அவரும் இல்லை, ஏதோ ஒரு பெரிய அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இடமில்லை. கோமதியின் தோளைத் தட்டி, "மாப்ள, நீ நம்ம வீட்டு ஆளுதான? அடுத்த பந்தியில உக்காரலாம், எந்திரி" என்றுவிட்டார்.

கோமதி எழுந்தான். அவியல் வாளியோடு எதிரே நின்ற அவன் அக்காவை ஒரு பார்வை பார்த்தான். பிரமு வாயே திறக்கவில்லை. புருஷனின் அண்ணன் சொல்லும்போது, வீட்டுக்கு வந்த மருமகள் எப்படித் திறப்பாள்? போட்ட ஊசி உள்ளே சர்க்கரையை இறக்க, இவன் வேர்த்து விறுவிறுத்துப் பின்பக்கம் போய் யாரிடமோ சோடா வாங்கிக் குடித்திருக்கிறான். அதன் பிறகு நேரே என்னிடம் வந்தான்.

"அத்தான், ஊசி போட்டுட்டு உக்காந்தவன இலையிலேருந்து எழுப்பிட்டிய. இனிமே ஒங்க வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்றான்.

சொன்னால் சொன்னதுதான். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பிரமு வருஷா வருஷம் தீபாவளிக்கு, பாசிப்பயறும் வெல்லமும் உருட்டி மாவில் முக்கிப் பொரிக்கிற முந்திரிக்கொத்து செய்வாள், அவனுக்குப் பிடிக்கும் என்று. டப்பா போகும், போன மேனிக்குத் திரும்பி வரும். "நான் அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்" என்பாள். தம்பி தன் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும். கோயிலுக்குப் போனால் அவள் கேட்கிற வரம் அது ஒன்றுதான்.

அப்படிப்பட்டவன் போன ஆவணியில் ஒரு மத்தியானம் வாசலில் வந்து நின்றான். கையில் தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை.

"எக்கா, எம்மவ தாமிராவுக்குக் கல்யாணம். மொத பத்திரிகை சாமிக்கு. ரெண்டாவது ஒனக்கு."

பிரமுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் போய்விடுவானோ என்று பயம். தாம்பாளத்தை வாங்கி வைத்துவிட்டு, ஓடிப்போய் இலையை எடுத்து வந்தாள். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் பக்கத்திலேயே இலையைப் போட்டாள்.

"உக்காருப்பா. ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போ."

"இல்லக்கா. சாப்ட்டாச்சு."

"எங்க சாப்ட்ட?"

"டவுன்ல சம்பந்தி வீட்டுல. சாப்ட்டுட்டுத்தான் வந்தேன்."

"என்ன சாப்ட்ட?"

"பிரியாணிக்கா."

"என்னத்தக் கொறிச்சியோ! ஒரு கரண்டி சாம்பார் சோறு போடுதேன்."

"கொறிச்சேனா? ரெண்டு தடவ வாங்கித் தின்னுருக்கேன். வயிறு முட்டிட்டு நிக்கி."

"அப்ப ஒரு வாய் மோராவது குடி."

"ஐஸ்கிரீம் வேற குடுத்தாவ. அதுக்கு மேல மோரக் குடிச்சா தொண்ட கட்டிரும்."

எனக்குச் சிரிப்பாக வந்தது. முப்பது வருஷம் கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருந்தவன் நான். சாப்பிட்ட முகம் எது, சாப்பிடாத முகம் எது என்று எனக்குத் தெரியாதா? அவன் உதடு காய்ந்து வெளுத்துக் கிடந்தது. பொய் என்று எனக்குத் தெரியும், பிரமுவுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். நம் ஊரில் இது என்ன புதுசா? பிரமு இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆனாலும் அவன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையைப் பற்றி, மண்டபத்தைப் பற்றி. பழைய கேலியெல்லாம்கூட வந்தது. "அத்தான் தலையில முடி இருந்தத நான் பாத்திருக்கேன்னு தாமிராகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கா" என்றான். பிரமு வாய்விட்டுச் சிரித்தாள். போகப் போக அவன் பேச்சு குழறுகிற மாதிரி இருந்தது. முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டால் யோசித்தான். நெற்றியெல்லாம் வேர்வை. காதுக்குப் பின்னால் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே சட்டென்று எழுந்தான்.

"வாரேன்க்கா. இன்னும் நாலு வீட்டுக்குப் பத்திரிகை வைக்கணும்."

பிரமு உள்ளே ஓடினாள். முதல் நாள் செய்த முந்திரிக்கொத்து இருந்தது. டப்பாவோடு கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள்.

"ஒனக்கில்ல. கல்யாணப் பொண்ணுக்கு அத்த குடுத்தான்னு குடு."

அதை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டான். லிஃப்டில் இறங்கினான். எங்கள் வீட்டிலிருந்து யார் போனாலும், அவர்கள் தெருமுனை திரும்புகிற வரை பால்கனியில் நின்று பார்ப்பது பிரமுவின் வழக்கம். அன்றைக்கும் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "முதுகக் காட்டியே போயிட்டான், ஒரு தடவ நிமிந்து பாக்கலங்க" என்றாள்.

தானாக ஓடும் வண்டிகளில் கோமதி ஏறமாட்டான். கையால் ஓட்டினால்தான் வண்டி என்பான். பாலத்துக்குப் பக்கத்தில் அவன் வண்டி நேராகப் போய்ச் சுவரில் மோதியது. பிரேக்கைத் தொட்ட அடையாளமே இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

துக்க வீட்டில் சொந்தக்காரப் பெண்கள் பிரமுவைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒன் வீட்டுக்குத்தான வந்தான்? கடைசியா ஒரு வாய்த் தண்ணியாவது குடிச்சானா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் ஆறுதலுக்குக் கேட்டாளா, குத்திப் பார்க்கக் கேட்டாளா, தெரியாது. பிரமு தலையை நிமிர்த்தினாள்.

"ஏன் குடிக்காம? இலை போட்டு, என் கையால வயிறாரச் சாப்ட்டுட்டுத்தான் போனான்."

அங்கே எழுந்தது போன்ற ஓர் அழுகையை நான் இதுவரை கேட்டதில்லை. தாமிரா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அப்பா ஒங்க கையால சாப்ட்டுட்டாங்களா அத்தை? அது போதும் எனக்கு. அது போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்னம் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஆள் வந்தபோதும் பிரமு அதையேதான் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெனிபா. அன்னத்துக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த குழுவில் வேலை பார்க்கிறவள். சென்னையிலிருந்து தானாகவே கிளம்பி வந்திருப்பதாகச் சொன்னாள். நனைந்த பையை வாசலிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சாப்ட்டியாம்மா?" என்றாள் பிரமு.

"சாப்ட்டேம்மா. வர்ற வழியிலதான் சாப்ட்டேன்."

"பொய் சொல்லாத. மொகம் வாடிக் கெடக்கு. காலையிலேருந்து பட்டினிதான?"

ஜெனிபா சிரிக்க முயன்றாள். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாத்தீங்களாம்மா? நீங்க ஒரே பார்வையில கண்டுபிடிச்சிட்டீங்க. எங்க மெஷினுக்கு அது தெரியல. நான் அதப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

பிரமு முதலில் தோசையை வார்த்துப் போட்டாள். சாப்பிடாமல் எந்தப் பேச்சும் எங்கள் வீட்டில் கிடையாது. மூன்றாவது தோசையில் ஜெனிபா பேச ஆரம்பித்தாள்.

"மெஷினுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆயிரக்கணக்கான பேரக் கூட்டிட்டு வந்து பேச வச்சோம்மா. எல்லாருக்கும் சாப்பாடு போட்டோம். சாப்ட்டு முடிச்சதும், 'சாப்ட்டாச்சு', 'வயிறு நெறஞ்சிருச்சு', 'இப்பதான் சாப்ட்டு வந்தேன்'னு அவங்கவங்க வழக்கப்படி சொல்லச் சொன்னோம். அங்க பொய் சொன்னவங்க ஒருத்தர்கூட இல்ல. சோறு போட்டுல்ல பேச வச்சோம்? அதனால, சாப்ட்டாச்சுன்னா சாப்ட்டாச்சுதான்னு மெஷின் படிச்சுக்கிச்சு."

"ஏம்மா, நீயும் தமிழச்சிதான? ஒனக்குத் தோணலையா?" என்றேன்.

"தோணல சார். நான் நாகர்கோவில். நாளுக்கு நாலு தடவ நானே இந்தப் பொய்யச் சொல்றவ. ஆனா அது பொய்னே எனக்கு நெனப்பு வரல. வணக்கம் சொல்ற மாதிரித்தான அதையும் சொல்றோம்?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவள் தட்டை ஒதுக்கிவிட்டுக் கையைக் கழுவி வந்தாள். "ஒங்க தம்பி விஷயத்துல கம்பெனி என்ன சொல்லுதுன்னா, சாப்ட்டதா அவரே சொல்லியிருக்கார். மெல்லுற சத்தமும் பதிவாயிருக்கு. அக்காவும் சாப்ட்டார்னு சொல்லிட்டாங்க. அதனால மெஷின் போட்ட மருந்து சரி, வண்டிதான் மோதிருச்சு, அவ்வளவுதான்னு முடிச்சுட்டாங்க. எனக்கு மனசு ஒப்பலம்மா. சாப்ட்டிருந்தா சர்க்கரை அந்த அளவுக்குக் கீழ போகவே போகாது."

பிரமு தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இங்க வந்தப்ப அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. பிரியாணின்னு அவர் சொன்னதும், சரிதான், அதான் ஏறுதுன்னு மெஷின் நெனச்சிருச்சு. பிரியாணிக்கு ஒரு தடவ மருந்து போட்டுச்சு. ரெண்டு தடவ வாங்கித் தின்னேன்னு சொன்னதுக்கு இன்னொரு தடவ. ஐஸ்கிரீமுக்கு மறுபடியும். ஒரு தடவ உள்ள போன மருந்தத் திரும்ப எடுக்க முடியாதும்மா."

"சாப்பிடாம எப்படி ஏறும்?" என்று நான் கேட்டேன்.

"பதட்டத்துல ஏறும் சார். நெஞ்சு படபடன்னு அடிச்சா ஏறும்."

"என்னப் பாக்க வாரதுக்கா பதட்டம்?" பிரமுவின் குரல் எங்கிருந்தோ வந்தது. "அக்கா வீட்டுக்கு வர அவனுக்கு என்ன பதட்டம்?"

அப்புறம் அவளே முணுமுணுத்தாள். "நான் கேக்கக் கேக்கத்தான அவன் பொய்யக் கூட்டிக்கிட்டே போனான்."

அந்த வீட்டில் அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் அது பொய் என்று தெரியும். நான்காவதாக ஒன்று இருந்தது. அது மட்டும் அவனை நம்பியது.

ஜெனிபா பிரமுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நான் கேக்குறது தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. அவர் நெஜமாவே சாப்ட்டாரா? இல்லைன்னு நீங்க சொன்னா, அத வச்சு நான் சண்ட போடுவேன். மெஷின மாத்தவச்சிருவேன். சாப்ட்டார்னா, நான் இப்படியே போயிருவேன். தமிழ் பேசுற எத்தன லட்சம் பேர் இத மாட்டியிருக்காங்கன்னு நெனச்சுப் பாருங்க. சார் இடுப்புல இருக்கறதும் இதே மெஷின்தான்."

பிரமுவின் பார்வை என் இடுப்புக்குப் போனது.

"நான் எங்கட்டி பொய் சொல்லப் போறேன்?" என்று சிரித்து மழுப்பப் பார்த்தேன்.

"போன வாரம் ஒங்க பெரியப்பா மகன் வீட்டுல என்ன சொன்னிய? பருப்பு வடை வேண்டாம், இப்பதான் சாப்ட்டு வந்தோம்னு சொல்லல? வரும்போது ஆட்டோவுல வேர்த்துக் கொட்டிக் கண்ணு சொருகிச்சே. வெயில்னு சொன்னிய. எந்த ஊர்ல ஐப்பசியில வெயில் அடிக்கி?"

அன்றைக்கு ஆட்டோவில் என் பையில் ஒரு மிட்டாய் கிடந்தது. அதுதான் என்னைக் காப்பாற்றியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிரமுவுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பொய்தான். அதைச் சொல்லித்தான் சொந்தக்காரர் முகத்தில் விழித்தாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் தாமிரா இன்னும் அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள். அதை எடுத்துக் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? வேண்டாம் பிரமு, சொல்லாதே, நான் மெஷினைக் கழற்றிவிட்டுப் பழைய ஊசிக்கே போய்விடுகிறேன் என்று சொல்ல என் வாய் வரை வந்தது.

"சாப்பிடல" என்றாள். "ஒரு பருக்க தின்னல. பச்சத் தண்ணி குடிக்கல. செத்தாலும் ஒன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு பட்டினியாவே போயிட்டான் எந்தம்பி. நாந்தான் ஊரெல்லாம் பொய் சொன்னேன். எழுதிக்கோ."

ஜெனிபா எழுதவில்லை. அவள் முகத்தில் குழப்பம்தான் தெரிந்தது.

"அப்ப அந்த மெல்லுற சத்தம்?"

"அது நான் மென்ன சத்தமா இருக்கும்மா. பக்கத்துல உக்காந்து சாப்ட்டுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

"இல்ல சார். அது லிஃப்டுக்கு அப்புறம்."

"அவன் பேசுனதெல்லாம் ஒங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டேன். நாம் வீட்டுக்குள் பேசுவதையெல்லாம் யாரோ எங்கேயோ சேர்த்து வைக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வாங்கும்போது கையெழுத்துப் போட்டிருக்கிறோமாம். யார் படித்தார்கள்?

போனை மேஜைமேல் வைத்து ஜெனிபா அந்தப் பதிவைப் போட்டாள். லிஃப்டின் கதவு திறக்கிறது. "தரைத் தளம்" என்கிறது. பிறகு அன்னத்தின் குரல், சுத்தத் தமிழில், மரியாதையாக: "உங்கள் சர்க்கரை வேகமாகக் குறைகிறது. உடனே ஏதாவது இனிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்."

கோமதியின் குரல் வந்தது. "கடைக்குத்தாண்டே போறேன். கொஞ்சம் பொறு."

பிரமு வாயைப் பொத்திக்கொண்டாள். காலடிச் சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு ஒரு டப்பாவின் மூடி திறக்கிறது. கடக் என்று ஒரு சத்தம். நறநறவென்று மெல்லுகிற சத்தம்.

"முந்திரிக்கொத்து" என்றாள் ஜெனிபா மெதுவாக. "அந்த ஓட்டக் கடிக்கிற சத்தம் எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும்."

மென்றுகொண்டே கோமதி சிரித்தான். வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசினான். "இன்னும் ஏலக்காய அள்ளித்தான் போடுதா."

ஜெனிபா நிறுத்திவிட்டாள்.

பிரமு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். "அவனுக்குப் பிடிக்கும்னுல்லா போடுவேன். கூடத் தூக்கலா இருந்தாத்தான் தின்பான், கழுத" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தின்னுருக்கான் பாத்தியளா! என் கையால செஞ்சத தின்னுருக்கான்! நான் பொய்யே சொல்லலங்க!"

பந்தியில் அவனை எழுப்பிவிட்ட அதே கார் நிறுத்துமிடம். வீட்டுக்குள் நனையாத கை அங்கே நனைந்திருக்கிறது. அந்தக் கிறுக்கனைக் கட்டிப்பிடித்து நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு.

"அது தின்னும் சரியாகலையாம்மா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரமு கேட்டாள்.

"எண்ணெயில பொரிச்சது இல்லையாம்மா, மெதுவாத்தான் சர்க்கரை ஏறும். அங்கேயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா சரியாப் போயிருக்கும்."

"ஏன் உக்காரல?"

ஜெனிபா போனை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "தெரியலம்மா" என்றாள்.

மழை விட்டிருந்தது. அவளை வழியனுப்ப நானும் கீழே போனேன். லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் அவள் நின்றாள்.

"சார், இன்னும் கொஞ்சம் இருக்கு. அம்மா முன்னால போட மனசு வரல. ஒங்களுக்கு வேண்டாம்னாலும் சொல்லிருங்க."

வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். போனைக் காதில் வைத்தேன். அன்னம் பேசியது: "இப்போது வண்டி ஓட்ட வேண்டாம். தயவுசெய்து உட்காருங்கள்." கோமதி இன்னும் மென்றுகொண்டிருந்தான். அவன் குரல் தாழ்ந்துவிட்டது.

"இங்க எங்கடே உக்கார? மேல அக்கா நிக்கா. பாத்தான்னா ஓடியாந்துருவா."

டப்பா மூடுகிற சத்தம். வண்டி கிளம்புகிற சத்தம்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது மாடி பால்கனியில் பிரமு நின்றுகொண்டிருந்தாள். விருந்தாளி தெருமுனை திரும்புகிற வரை நிற்பாளே, அதற்காக. எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அழுது வீங்கிய முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அதை நான் பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது!

"இத அழிச்சிரும்மா" என்றேன்.

"அழிக்க எனக்கு உரிமை இல்ல சார். ஆனா அறிக்கையில இது தேவைப்படாது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் சொன்னபடி சண்டை போட்டாள். பிரமு தாமிராவைக் கூப்பிட்டு, தானே எல்லா உண்மையையும் சொன்னாள். பொய் சொன்னதையும் சொன்னாள், முந்திரிக்கொத்தையும் சொன்னாள். அந்தப் பக்கம் தாமிரா என்ன சொன்னாளோ, இரண்டு பேரும் அரை நாள் போனில் அழுதார்கள். கோமதியின் துஷ்டியால் தள்ளிப்போன கல்யாணம் தை மாதம் நடந்தபோது, பெண்ணுக்கு அத்தை முறை செய்ய பிரமுதான் மேடையில் நின்றாள். சொந்தக்காரர் சிலர் முதுகுக்குப் பின்னால் பேசத்தான் செய்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

பங்குனியில் எல்லா அன்னத்துக்கும் புது ஏற்பாடு வந்தது. இப்போது "சாப்பிட்டாச்சு" என்று சொன்னால் அது சும்மா நம்பிவிடுவதில்லை. மெல்லுகிற சத்தம் எதுவும் கேட்காதிருந்தால், நம் காதுக்குள் மட்டும் மெதுவாக "நிஜமாவா?" என்று கேட்கிறது. நாம் பதில் சொல்லாமல் மருந்து இறங்காது. ஊரில் இது ஒரு கூத்தாகிவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும், சாப்ட்டாச்சு என்று சொன்ன ஆள் ஒரு நிமிஷம் திருதிருவென்று முழிப்பார். பிறகு, "இல்ல, பசிக்கத்தான் செய்யுது, இருக்கறதப் போடுங்க" என்பார். உடம்பில் மெஷின் இல்லாதவர்களுக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இதனால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிழைத்தவர்களுக்கே தெரியாது.

பிரமு இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு சில நாள் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்காருவோம். நேற்றும் அப்படித்தான். கீழே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று பேசினாள்.

"அன்னைக்கு ஒரே ஒரு தடவ அவன் நிமிந்து பாத்திருந்தா, நான் இங்க நிக்கது தெரிஞ்சிருக்கும். கைய அசைச்சுக் கூப்ட்டிருப்பான். சீனியக் கரைச்சுக்கிட்டு ஓடிருப்பேன் நான்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நான் நின்னத அவன் பாத்திருப்பானா?"

"இல்லட்டி. அவன் பாக்கவே இல்ல."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். காதுக்குள் அந்தக் குரல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குச் சோற்றைப் பற்றி மட்டும்தான் கேட்கத் தெரியும்.